ஒரு பென்சில் இடைவெளி

"இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வேன்ல வச்சிருக்கேன் சார். என் பொண்டாட்டிக்கு. அவளுக்கே இன்னும் தெரியாது" என்றார் தச்சர். வாயெல்லாம் பல்.

கூடத்துப் பலகைச் சுவரைக் குடைந்து, குளிருக்குச் சூடு தரும் மின்சாரக் கணப்புப் பெட்டி பொருத்த வேண்டும். வீட்டு ஓனர் ஒண்டிக்கட்டை. கணப்பு விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர்கள் இந்தத் தச்சரை அனுப்பியிருந்தார்கள்.

டேப்பை இழுத்து அளந்தவர், காதில் செருகியிருந்த பென்சிலால் கோடு போட்டார். கம்பெனியில் மற்ற எல்லாரும் மில்லிமீட்டரில் பேச, இவர் மட்டும் 'ஒரு பென்சில், ரெண்டு பென்சில்' என்று தடிமன் சொல்வார். அதற்காக மற்றவர்கள் செய்யும் கேலியெல்லாம் அவருக்குப் பழகிப்போனது.

கை ஓடினால் அவருக்கு வாயும் ஓடும்.

"ஒரு வருஷமா வீட்ல பேச்சே இல்ல சார். தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். போன வாரம் திடீர்னு பக்கத்துல வந்து உக்காந்து, கணப்பு எப்படி மாட்டுறதுன்னு ஒண்ணுவிடாம கேட்டா. சந்தோஷத்துல எனக்குச் சாப்பாடே எறங்கல."

"அப்ப இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றார் ஓனர், நல்ல மனசோடு.

பலகை அறுபட்டது. இருவர் தலையும் தூளில் வெளுத்தது. உள்ளே குறுக்கே நின்ற கட்டையை வெட்டி எடுத்து, நாலு பக்கமும் சட்டம் அடித்தார் தச்சர்.

ஓனரின் போனில் ஏதோ செய்தி வந்தது. படித்துவிட்டு லேசாக வெட்கப்பட்டார்.

"எனக்கு ரொம்ப வேண்டியவங்க. இன்னிக்குச் சாயங்காலம் துணிமணியோட வர்றாங்க, இனிமே இங்கதான். வேலையப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதியிருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"படிங்க சார். மேடம் சொன்னபடியே செஞ்சிடலாம்."

"வயர் வலது மூலைல வரணுமாம். பெட்டியச் சுத்தி ஒரு பென்சில் இடைவெளி விடணுமாம், இல்லன்னா சூட்டுல பலகை உப்பிடுமாம்."

தச்சர் திரும்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கை மட்டும்தான் ஓடியது. மனுஷன் களைத்துவிட்டார் என்று நினைத்து ஓனர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் அப்படியே இருந்தது.

வேலையில் மட்டும் ஒரு குறை இல்லை. பெட்டி சுவருக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் பொய் நெருப்பு நெளிந்து, வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. ஓனர் ஆசையாக ஒரு சாய்வு நாற்காலியை இழுத்து வந்து நேர் எதிரே போட்டார்.

சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்தார்.

"கொஞ்சம் வலப்பக்கமா தள்ளிப் போடுங்க சார்."

"ஏன், நேரா இருந்தா என்ன?"

தச்சர் பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"என் பொண்டாட்டிக்கு இடது கால்தான் முதல்ல சில்லிடும்."