பட்டியலின் முதல் பெயர்

திரை மறுபடியும் வெள்ளையாகவே வந்தது.

பிழை என்றுகூட அது சொல்லவில்லை. ஓர் எழுத்தில்லை, ஒரு புள்ளியில்லை. துவைத்து விரித்த வேட்டி மாதிரி ஒரு வெள்ளை.

பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பை முகாமாக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கக் குழந்தைகள் வரைந்த மீன்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றை யாராவது கழற்றி வைத்திருக்கலாம் என்று கணினி முன் உட்கார்ந்திருந்த அவன் நினைத்தான்.

நேற்று மாலை படகு கவிழ்ந்தது. மீட்கப்பட்டவர்களை ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து வரும் பெயர்களை இரண்டு நர்சுகள் காலையிலிருந்து தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளை, போன்கள் படிக்கக்கூடிய ஜேசன் என்ற வடிவத்துக்கு மாற்றித் தரும் நிரலை சர்வரில் எழுதுவது அவன் வேலை. மாற்றினால்தான் வெளியே நிற்பவர்களின் போனில் பெயர்கள் தெரியும்.

வெளியே மைதானம் கொள்ளாத கூட்டம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிலர் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா? வாசல்ல நிக்கிறவங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல," என்றார் முகாம் அதிகாரி. நின்ற இடத்தில் நிற்காத அம்மாள் அவர்.

"பாத்துட்டேதான் இருக்கேன் மேடம்."

அவன் அக்காவும் அந்தப் படகில்தான் போயிருந்தாள்.

அதை அவன் அதிகாரியிடம் சொல்லவில்லை. சொன்னால், பாவம் பையன் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இந்த நாற்காலியில் இருந்தால்தான் ஒவ்வொரு பெயரும் ஏற ஏற முதல் ஆளாகப் பார்க்க முடியும்.

அப்பாவின் இனிஷியலைப் போட்டுத் தேடியிருந்தான். அத்தானின் இனிஷியலைப் போட்டுத் தேடியிருந்தான். இனிஷியலே இல்லாமலும் தேடியிருந்தான்.

இதுவரை ஏறிய பெயர்களில் அவள் இல்லை.

கோளாறு நிரலிலா, பதிவுகளிலா? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தரவுத்தளத்தைத் தொடாமல், நிரலுக்குள்ளேயே மாதிரிக்கு ஒரு பதிவைக் கையால் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். பெயர், வயது, நிலை: நலம். யோசிக்கக்கூட இல்லை, விரல்கள் தானாக அடித்து முடித்தன.

ஓட்டினான். அந்த ஒற்றைப் பதிவு பளிச்சென்று வந்து நின்றது.

அப்படியென்றால் நிரல் சரி. பதிவுகளுக்குள்தான் எங்கோ முள் இருக்கிறது. யாரோ ஒருவருடைய பெயரில் ஓர் எழுத்து உடைந்திருந்தால் போதும், மொத்தப் பட்டியலும் வாயை மூடிக்கொள்ளும்.

பதிவுகளைப் பாதியாக வெட்டி ஓட்டினான். மேல் பாதி வந்தது. கீழ்ப் பாதி வெள்ளை. அந்த வெள்ளையையும் பாதியாக்கினான். மறுபடி பாதி. இருட்டில் ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

கடைசி அறையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பழைய கணினியிலிருந்து வந்தது. நடு எழுத்து சிதைந்து ஒரு கறுப்புக் கட்டமாகிக் கிடந்தது. நர்ஸ் அதைப் புதிதாக அடித்துக் கொடுத்தாள். அது ஒரு முதியவரின் பெயர்.

முழுப் பட்டியலையும் ஓட்டினான். திரை நிறைந்தது. நிறைந்ததைப் பார்த்ததுமே, ஒரு வரிகூடப் படிக்காமல், பக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டான்.

மைதானமெங்கும் தலைகள் போன்களின் மேல் குனிந்தன. பிறகு ஒரு குரல் வீறிட்டது. பிறகு பல. யாரோ ஒருவர் போனைக் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சன்னல் கம்பியிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக விலகின. சில கைகள் மட்டும் விலகவில்லை.

"கலக்கிட்டப்பா! எந்திரிச்சுப் போய் வாயில ஏதாவது போடு, மொகம் செத்துப்போயிருக்கு," என்று அதிகாரி அவன் முதுகில் தட்டினார்.

அவன் எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அம்மா.

"டேய் தம்பி! அக்கா பேரு வந்துருச்சுடா! மொத பேரே அவ பேருதான்டா! நலம்னு போட்டிருக்குடா!"

பின்னால் அக்காவின் மகள் குதிப்பது கேட்டது. அத்தான் யாரிடமோ வண்டிச் சாவி கேட்டுக் கத்துவதும் கேட்டது.

அவன் தரவுத்தளத்தைப் பார்த்தான். அங்கே அவள் இல்லை.

பிறகு தன் நிரலைப் பார்த்தான். மேலே, பதிவுகளை எடுக்கத் தொடங்குவதற்கு முந்தைய வரியில், அவள் இருந்தாள். பாதி பாதியாக வெட்டிக்கொண்டிருந்த அவசரத்தில் மாதிரிப் பதிவை எடுக்க மறந்திருந்தான்.

கல்லூரியில் எழுதிய முதல் நிரலிலிருந்தே, மாதிரிக்கென்றால் அவன் விரல்களுக்கு வருவது அந்த ஒரு பெயர்தான். 'ஒன் கம்ப்யூட்டருக்குள்ள என்னைய எத்தன தடவடா பெத்து வச்சிருக்க?' என்று அவளே கேலி செய்வாள்.

அழிப்பதற்கு ஒரு விசை போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது.

"டேய், லைன்ல இருக்கியா?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாருக்கும் எந்த ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கு. இவளுக்கு மட்டும் அந்த எடம் காலியா இருக்குடா. நாங்க செருப்பு மாட்டியாச்சு. நீ அங்கதான இருக்க, எந்த ஆஸ்பத்திரின்னு பாத்துச் சொல்லுடா."