இன்னும் ஒரு முலாம்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பத்தாம் நாள், வியாழக்கிழமை, நண்பகல் நேரத்தில், ஹவானா நகரின் செர்ரோ பகுதியிலிருந்த பாஸ்குவாலின் முலாம் பட்டறையில், எழுபத்தொரு வயது ஹெர்மீனியா ஒரு காரின் கதவுக் கைப்பிடியைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது ஆகாது. உரிச்சுட்டு மறுபடியும் போடு."

"இதோட நாலாவது தடவைம்மா."

"அடியில பாரு, ஊசிமுனை அளவுக்கு ஒரு கொப்புளம். உனக்கெங்கே தெரியும்? ரம்முல ஊறின கண்ணு."

பாஸ்குவால் கோபித்துக்கொள்ளவில்லை. அமிலத்தில் போடப்போட உள்ளேயிருக்கும் துத்தநாகமும் அரிபடும், இன்னும் இரண்டு முறை உரித்தால் கைப்பிடி முட்டை ஓடு போல ஆகிவிடும் என்று மட்டும் எச்சரித்தான்.

"ஆகட்டும்," என்றாள் ஹெர்மீனியா.

அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

கைப்பிடிக்குரிய 1955ஆம் ஆண்டுச் செவ்ரோலே கார் அவளுடைய காலஞ்சென்ற கணவருடையது. இப்போது துறைமுகத்துக்கு அக்கரையில், ரெக்லாவில், ஒரு பெயிண்டரின் கொட்டகையில் பழைய வண்ணம் சுரண்டப்பட்டு நிற்பதாக மகன் ரெய்னியர் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வாங்க வருபவர், நான்கு கைப்பிடிகளும் கண்ணாடி போல மின்னாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவாராம். கார் விற்றால்தான் நிக்கராகுவாவுக்கு மூன்று விமானச் சீட்டுகள்: ரெய்னியருக்கும், மருமகள் யாமிலாவுக்கும், ஆறு வயதுப் பேத்தி லியாவுக்கும். அங்கிருந்து வடக்கே, எல்லை எல்லையாக, அமெரிக்கா வரை. விற்காவிட்டால் மூவரும் இங்கேயே இருப்பார்கள்.

போன மாதம் அவள் லியாவின் கடவுச்சீட்டை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். ரெய்னியர் அதைக் கண்டெடுத்தான். கத்தவில்லை. ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆனால் கைப்பிடிகளை அவளிடமே கொடுத்துவிட்டான். சட்டை ஆலையில் முப்பது வருடம் தரம் பார்த்தவளை ஏமாற்ற எந்த முலாம்காரனாலும் முடியாது என்றான். திங்கள்கிழமை முதல் நாள்தோறும் வந்து, நாள்தோறும் ஒரு குறை கண்டுபிடித்தாள். இன்று காலை ரெய்னியரே காப்பி போட்டுக் கொடுத்து, வேலை முடியும்வரை கூடவே இருந்து வாங்கி வரும்படி சொல்லி அனுப்பினான். காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாத லியா, கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். நெற்றி ஒன்றும் சுடவில்லை.

பாஸ்குவால் கைப்பிடியை உரித்து, தேய்த்து, மின்சாரம் ஓடும் நிக்கல் திரவத் தொட்டியில் தொங்கவிட்டான். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டான். காப்பியும் கொடுத்தான்.

"இதுக்குப் பேரு காப்பியா? கழுவின தண்ணியா?"

"ரேஷன் காப்பிம்மா. பாதி பட்டாணி."

"மீதிப் பாதி என்ன?"

இந்த முறை முலாம் அப்பழுக்கில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஹெர்மீனியா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். எதைச் சொல்லித் தட்டிக்கழிப்பது?

அப்போது விளக்கு அணைந்தது.

"கரண்டு போச்சு," என்று சுவர்ப்பக்கத்திலிருந்து பாஸ்குவாலின் குரல் வந்தது. "பாதியில நின்னா கறுத்துடும்மா. மறுபடி முதல்லேருந்துதான். வர்ற வரைக்கும் உட்காருங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகிழ்ச்சி தெரிந்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டு வானொலியில் பேஸ்பால் வர்ணனை ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரியில் ஓடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேரம் போயிற்று. சன்னலின் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது அவள் வாயைத் திறக்க வைத்தது. விற்பனை முறிந்தால் பழைய கைப்பிடி ஏதாவது நாலைத் தேடி மாட்டிக்கொண்டு, எல்லாருமாக குவானாபோ கடற்கரைக்குப் போகலாம் என்றாள். லியாவுக்கு அலை என்றால் உயிர் என்றாள். பாஸ்குவால் தலையாட்டினான், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கடைசியில் அவளே சொன்னாள்:

"உன்கிட்ட மறைப்பானேன், பாஸ்குவால். இந்த நாலு நாளா நான் சொன்ன குறை ஒண்ணுகூட நிஜம் இல்ல. உன் வேலை சுத்தமான வேலை."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா மறுபடி மறுபடி உரிச்ச?"

அவன் எழுந்தான். சுவரிலிருந்த மெயின் சுவிட்சை மேலே தள்ளினான். விளக்கு எரிந்தது.

"கரண்டு எங்கேயும் போகலம்மா. நான்தான் அணைச்சேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ரெய்னியர் கெஞ்சிக் கேட்டுக்கிட்டான். மூணு மணி தாண்டுற வரைக்கும் உங்களை எப்படியாவது இங்கேயே வெச்சிருக்கணும்னு."

அதன்பின் அவன் சொன்னவை எல்லாம் முன்பே முடிவாகியிருந்தவை. திங்கள் முதல் அவள் இங்கே குறை கண்டுகொண்டிருந்த பொழுதுகளில் வீட்டில் பெட்டி கட்டினார்கள். இன்று அவள் தெருமுனையைத் தாண்டியதும் புறப்பட்டார்கள். மூவரும் ஏறிய விமானம் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டது. செவ்ரோலே, வேறு நான்கு கைப்பிடிகளுடன், போன மாதமே மத்தான்சாஸ் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டது. அவள் கொண்டு வந்தவற்றை மாட்டுவதற்குக் கதவே இல்லை.