பத்துப் பேருக்கு வேலை

பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரை றஊப் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

"இது செல்லாது."

பிரதேச சபை மண்டபம் அதுவரை கல்யாண வீடு மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே? வெளிநாட்டு ஒன்லைன் கடைகளுக்காக வாடிக்கையாளர்களோடு பேசுகிற கொழும்புக் கம்பனி ஒன்று, மூடிக்கிடந்த இறால் பண்ணைக் கட்டடத்தில் கம்பியூட்டர் போட்டிருந்தது. மூன்று வருஷத்துக்குக் கட்டடத்துக்கான சோலைவரி இல்லை, அனுமதிக் கட்டணம் இல்லை என்று சபை தீர்மானம் எடுத்த பிறகுதான் கம்பனி இந்தக் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. உள்ளூரில் நிரந்தரமாகப் பதிந்த பத்துப் பேருக்கு வேலை கொடுக்க வேண்டும்.

ஒரு நாளும் சோலைவரியை ஒழுங்காகக் கட்டாத சனமெல்லாம் வரிச் சலுகையைப் பார்க்க வந்து நின்றது. பின்னேரம் மூன்று மணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். பத்துப் பேரையும் சரிபார்த்துக் கொடுப்பது சபையின் வருமானப் பரிசோதகர் றஊபின் வேலை.

வெட்டுப்பட்டது அமானியின் பெயர். கம்பனி வைத்த பரீட்சையில் முதலாவதாக வந்தவள். சந்தோஷத்தில் நேற்றிலிருந்து அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

"ஏன் சேர்?"

"வாக்காளர் இடாப்பில நீங்க மன்னார். இங்க இல்ல."

"வாப்பா மாத்த விடல்ல சேர். தொண்ணூறுல சண்டைக்குள்ள அங்கிருந்து வெரட்டுப்பட்டு வந்தவங்க நாங்க. திரும்பிப் போறதுக்குக் காணி கேட்டுப் பதிஞ்சீக்கிறார். ஆனா நான் பொறந்தது இங்க, புத்தளத்தில. மன்னாருக்கு ரெண்டு தரம்தான் போயீக்கிறன், அதுவும் வோட்டுப் போட."

"சட்டம் இடாப்பத்தான் பாக்கும்."

"அப்ப வதிவிட ஃபோம் தாங்க. நிரந்தரமா இங்கதான் எண்டு இப்பவே கையெழுத்து வெச்சுத் தாரன்."

"ஃபோம் முடிஞ்சு."

மேசையில் ஒரு கட்டு ஃபோம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. றஊப் கூசாமல் ஒரு பைலை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"தன்ட ஆளொண்டப் போடத்தான் இந்த ஆட்டம்" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

வேலை கிடைத்த ஒன்பது பேரில் ஒருத்தி ஸக்கியா, அமானியின் கூட்டாளி. அவளுக்குப் பொறுக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா இங்க ஈக்கிற குடும்பம் சேர். இன்னுமா வெளியூர்?"

றஊப் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "அனஸ்தாசியா. இடாப்பில இங்கதான்."

அனஸ்தாசியா தயங்கித் தயங்கி வந்தாள். தன் முறை வந்த சந்தோஷத்தை எங்கே ஒளிப்பதென்று பாவம் அவளுக்குத் தெரியவில்லை.

"ஒங்களுக்கு நாங்க எப்பவும் அகதிதான் சேர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அமானி வெளியே போனாள்.

றஊப் எழும்பி, கம்பனி மெனேஜர் றிஸ்கான் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இரண்டு பேரின் குரலும் ஏறியது.

பஸ் வந்துவிட்டது. அமானி ஒரு காலைப் படியில் வைத்தபோது, கழுத்துப் பட்டி காற்றில் பறக்க றிஸ்கான் ஓடி வந்தார்.

"மிஸ் அமானி, எங்க போறீங்க? மூணு மணிக்கு ஒங்களுக்கும் லெட்டர் தரணும்."

"நான் பத்துல இல்லையே."

"பத்துப் பேர் வரிச் சலுகைக்கு. பதினோராவது ஆள் எந்த ஊரெண்டாலும் சபை கேக்காது. பத்துக்கு மேல எடுக்க ஏலாது எண்டுதான் நான் மொதல்ல சொன்னன். அந்த மனுசன் விட்டாத்தானே. முதலாவது வந்த புள்ளய விட்டுட்டு என்னத்த நடத்தப் போறீங்க எண்டு, ஒங்கட மார்க்ஸ மூஞ்சிக்கு முன்னால நீட்டிக்கிட்டு நிண்டார்."

"எந்த மனுசன்?"

"ஒங்கட பேரை வெட்டினவர்தான்."

கொண்டக்டர் திட்டத் திட்ட அமானி இறங்கி ஓடினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லெட்டர் கிடைத்தால் முதலில் யாருக்குக் கோல் எடுப்பது, உம்மாவுக்கா வாப்பாவுக்கா என்றுகூட ஓட்டத்திலேயே யோசித்துவிட்டாள்.

றஊப் தனியே இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், அப்ப அப்பிடிப் பேசினதுக்கு மன்னிச்சுக்கங்க. ஆனா அந்த ஃபோமத் தந்திருந்தா இவ்வளவு பாடு இல்லையே. ஏன் தரல்ல?"

"நிரந்தரமா இங்கதான் எண்டு நீங்க கையெழுத்து வெச்சா, இந்தக் குடும்பம் இனித் திரும்பி வராது எண்டு அங்க ஒங்கட வாப்பாட காணிப் பைல மூடிருவாங்க."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே சேர்."

"சொல்லியிருந்தாலும் வேலைதான் பெருசெண்டு வெச்சிருப்பீங்க."

"அது எப்பிடி ஒங்களுக்குத் தெரியும்?"

றஊப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தக் கதிரைக்கு நானும் அப்பிடித்தான் வந்தன், மகள். மன்னாரில இருந்து காணிக் கடிதம் வருமெண்டு எங்கட வாப்பா மௌத்தாகிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தார். நான் கையெழுத்து வெச்சத அவருக்குச் சொல்லவேயில்ல."