மைக்கை நிறுத்துங்க!

"வேலையைப் பறித்த டீனே! வெளியே வா, வெளியே வா!"

மைக்கில் வந்த குரலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அறிவியல், பொறியியல் புலத்தின் டீன் அம்மாள் படித்துக்கொண்டிருந்த ஆய்வேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கேக்குதா மேடம்?" என்றார் பதிவாளர்.

"நான் என்ன செவிடா?"

கீழே வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆய்வக உதவியாளர்கள். வருடக்கணக்காக ஒப்பந்த வேலை. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம் என்பதற்கு நிர்வாகம் வைத்த மரியாதையான பெயர் அது. அத்தனை பேரையும் ஒரே உத்தரவில் அனுப்பப் போகிறார்கள். டீன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று கீழே எல்லாரும் சொன்னார்கள்.

"வேலை கத்துக்குடுத்த கையாலேயே வேலையைப் பறிச்சுட்டாங்க, தோழர்களே!" என்று சங்கச் செயலாளர் முழங்கினார். அவருக்கு 'வெண்கலத் தொண்டை' என்று பட்டப்பெயர். அன்றைக்கு அதற்குக் குறை வைக்கவில்லை.

பதிவாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், எலக்ட்ரிக்கல் லேப்ல சாதாரண டெமான்ஸ்ட்ரேட்டரா சேர்ந்தீங்க. ஒவ்வொரு படியா ஏறி டீன் ஆயிட்டீங்க. இன்னைக்கு துணைவேந்தர் தேர்வுக் குழு வருது. மூணு பேர்ல நீங்கதான் முதல். அவங்க கார்ல இருந்து இறங்குறப்போ உங்க பேருக்கு ஒழிக போட்டா என்ன ஆகும்?"

"போடட்டுமே. சந்தம் நல்லாத்தானே வருது?"

"விளையாடாதீங்க மேடம். கேன்டீன்ல இருந்துதான் மைக்குக்கு கரண்ட் எடுக்கறாங்க. பிடுங்கச் சொல்றேன்."

"உங்க இஷ்டம்."

பதிவாளர் போனார். பாதி ஒழிகவில் மைக் செத்தது. வளாகமே அமைதியானது. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு குழுவை வரவேற்க வாசலுக்கு வந்தார்.

"ஒழிக! ஒழிக!"

முன்னைவிடப் பலமாக மைக் உயிர் பிழைத்திருந்தது.

"யாருய்யா உங்களுக்கு கரண்ட் குடுத்தது?" என்று செயலாளரிடம் பாய்ந்தார் பதிவாளர்.

"பின்பக்கம் மேலேருந்து ஒரு வயர் தொங்கிச்சு சார். சொருகிக்கிட்டோம். ஓசியில வர்ற கரண்ட்டை ஊர், பேரு கேட்டா வாங்குவாங்க?"

பதிவாளர் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார். வயர் சுவரோடு ஏறி, மாடியில் ஒரு ஜன்னலுக்குள் போயிருந்தது. எந்த ஜன்னல் என்று எண்ணிப் பார்த்தவர், படியேறி மூச்சிரைக்க டீன் அறைக்கே வந்து, பின்பக்க ஜன்னலின் திரைச்சீலையை விலக்கினார். பிளக் அங்கே இருந்தது.

"மேடம்! இது யார் வேலை?"

"என் வேலைதான். இத்தனை வருஷம் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்தியிருக்கேன். ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போடத் தெரியாதா எனக்கு?"

"உங்களைத் திட்டுறதுக்கு நீங்களே கரண்ட் குடுக்கறீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பதிவாளர் கையைக் கூப்பாத குறை.

"நான் எத்தனை தடவை கெஞ்சியும் அந்த உத்தரவுல நீங்க கையெழுத்துப் போடலை. அதையாவது ஜன்னல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உடனே கலைஞ்சு போயிடுவாங்க. பதவியும் உங்களுக்குத்தான்."

"அவங்க கலைஞ்சு போனா, நாளைக்கு வேற ஒரு டீனை உட்கார வச்சுக் கையெழுத்து வாங்கிடுவீங்க. வந்திருக்கிற குழு காதுல இது விழணும்."

"உங்களை நாறடிக்கிறாங்க மேடம்!"

டீன் எழுந்து வாசல் பக்க ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார்.

"ஆளைத்தானே மாத்தித் திட்டுறாங்க? கேக்கற நியாயத்தை மாத்திக் கேக்கலையே!"