தொண்டை கட்டிய திரசோன்

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். இப்போதே சிரித்துவிட்டால் பிறகு மிச்சம் இருக்காது. முதலில் என் அப்பா திரசோனுக்குத் தொண்டை கட்டிய கதை.

ஏதென்ஸில் இனி மக்களே ஆளலாம் என்று ஆனபிறகு எங்கள் ஊருக்கும் ஒரு சபை வந்தது. ஊர்ப் பொதுப் பணத்தில் என்ன கட்டலாம் என்று அன்று பேச்சு. சபையில் உட்காரச் சாய்மானம் வைத்த கல் இருக்கை வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. ஆடுகளை எதிரே நிறுத்திவைத்துப் பேச்சைக் கத்திக் கத்திப் பழகியதில், அன்று காலை அவருக்குக் குரலே இல்லை.

எனக்கு ஊரில் எல்லார் குரலும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் குரலில் அவர் நாயையே அதட்டியிருக்கிறேன். அப்பா குரல் எம்மாத்திரம்?

"ஆலிவ் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ," என்றார் வெறும் காற்றாக. "நான் வாயசைக்கிறேன், நீ பேசு. இருக்கையை விட்டு வேற எதையாவது உளறின, ராத்திரி ரொட்டி கிடையாது."

சபைத் தலைவர் யூதிகோஸ் அதே மரத்தடியில் உட்கார்ந்து, யார் பேசப் போவது என்று கேட்டார். அப்பா மரத்தை ஒட்டி எழுந்து நின்று கம்பீரமாக வாயைத் திறந்தார்.

நான் பேசினேன். "பெரியவங்களே, நம்ம ஊற்று தூர்ந்து கிடக்கு. மலைக்கு அந்தாண்ட இருந்து தண்ணி தூக்கி வந்த என் பெண்டாட்டி, குடத்தோட விழுந்து இன்னும் நொண்டுறா. நாம சாஞ்சு உட்கார இடம் தேடறோம். முதல்ல ஊற்றைக் கட்டுவோம்."

அப்பா 'இல்லை, இல்லை' என்று இரண்டு கையையும் வீசினார். என்ன ஆவேசம் என்று கூட்டம் சொக்கிப்போனது. மார்பில் அடித்துக்கொண்டார். முன்னால் இருந்த ஒருவர் அழுதே விட்டார்.

தலைவர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். ஊரே தூக்கியது. அப்பா தலையில் வைத்துக்கொண்ட கையும் ஆதரவுக் கணக்கில் சேர்ந்தது.

"யோவ் திரசோன், உனக்குள்ள இப்படி ஒரு ஆளா," என்று தலைவர் உருகினார். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, என் சொந்தக் குரலில்.

யூதிகோஸ் திரும்பி மரக்கிளையை விலக்கினார். என்னைப் பார்த்தார். அப்பாவின் மூடிய வாயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஊர் சபையில பேசினது ஒரு பொட்டப்புள்ளையா?" என்றார், ஊற்றுக்காகத் தூக்கிய கையை இன்னும் இறக்காமல்.