பன்னிரண்டு வோல்ட்

பகல் பதினொரு மணி. வளவில் ஆள் நடமாட்டம் இல்லை. நீக்கிலாஸ் திருப்புளியைச் செருகி ஒரு நெம்பு நெம்பினான். புனிதவதியின் கரவான் கதவு திறந்துகொண்டது.

அவள் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் கம்பனிக் கந்தோர்கள் கூட்டித் துடைக்கப் போகிறவள். பின்னேரம் நாலு மணிக்குத்தான் திரும்புவாள். அந்தத் துணிவில்தான் வந்திருந்தான்.

1985 தை மாதம். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்த வளவில் நாலு பழைய கரவான்கள், சக்கரம் பூட்டிய பெட்டி வீடுகள், நின்றன. வீடு கிடைக்காத தமிழ்ச் சனம் அவற்றில் குடியிருந்தது. குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது.

நாலு நாளைக்கு முதல் நீக்கிலாஸின் கரவானில் கொன்வெர்ட்டர் எரிந்துபோனது. கம்பியில் வரும் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி அது. அது இல்லாமல் விளக்கும் எரியாது, கரவானைச் சூடாக்குகிற சோஃபாஜும் ஓடாது. உள்ளே அவன் மனைவி மேரிறோஸும், பிறந்து பதினெட்டே நாளான பெண்குழந்தையும்.

வளவுக்காரர் ராதாகிருஷ்ணன் பாண்டிச்சேரிக்காரர். அவரிடம் போய்க் கெஞ்சினான்.

"நான் எடத்தைத்தான் குடுத்தேன், முசியே. வண்டிக்குள்ள கெட்டுப் போனா நீங்களேதான் மாத்திக்கணும்."

கரவான் சாமான் விற்கிற கடையில் புதுப் பெட்டி வர மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார்கள்.

அதைக் கேட்டு மேரிறோஸ் அழவில்லை. குழந்தையின் காலைத் தன் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "இவள் இன்னும் மூண்டு நாள் தாங்கமாட்டாள்" என்றாள்.

அந்தச் சொல்தான் அவனை இங்கே கொண்டுவந்து விட்டது.

'புனிதக்கா தனிக்கட்டை. ஒரு போர்வை கூடப் போட்டால் சமாளிப்பா.'

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருக்கைக்குக் கீழே குனிந்தான். அங்குமிங்கும் பார்க்கவில்லை. பார்க்க மனம் துணியவில்லை. வெளிக் கம்பியைப் பிடுங்கி, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் கழற்றி, பெட்டியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியேறினான். கதவுக்குக் கடுதாசி மடித்து அடை கொடுத்தான்.

மன்னாரில் றேடியோ திருத்தியவன். ஆனாலும் தன் கரவானில் வயரை அவசரப்படாமல் பூட்டினான். மாறிப் பூட்டினால் இதுவும் எரிந்துவிடும். இரண்டு தரம் சரிபார்த்து சுவிச்சைப் போட்டான்.

விளக்கு எரிந்தது. சோஃபாஜ் உறுமியது.

"எங்கையப்பா எடுத்தனீங்கள்?"

"ஒரு சிநேகிதன் தந்தவன்."

மேரிறோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று பின்னேரம் புனிதவதி வந்து சத்தம் போடுவாள் என்று காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. அவளுடைய யன்னல் இருட்டாகவே கிடந்தது. வேலையில் நிற்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான். மறுநாளும் இருட்டு. ஆரேனும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான்.

எதற்கும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவோம் என்று அன்றைக்கே ஒரு தரம் சுவிச்சை நிற்பாட்டித் திருகாணியைக் கழற்றத் தொடங்கினான். கால் மணித்தியாலத்தில் கரவான் குளிர்ந்தது. குழந்தை வீரிட்டது. ஆணியைத் திரும்ப முடுக்கினான்.

மூன்றாம் நாள் காலை, இரண்டு நாளாக ஆளைக் காணவில்லையே என்று மேரிறோஸ் கஞ்சிச் சட்டியோடு புனிதவதியைப் பார்க்கப் போனாள். போன வேகத்தில் ஓடிவந்தாள்.

"கெதியா வாங்கோ! புனிதக்கா கட்டிலிலை கிடக்கிறா. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. உள்ளை ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு, வெளிச்சமும் இல்லை!"

அம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் அவளைக் கிடத்தினார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று டொக்டர் தலையை ஆட்டினார். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, கெதியாக ஏற்றச் சொல்லி அம்புலன்ஸ்காரரை அவசரப்படுத்தினார்.

நீக்கிலாஸ் வளவு வாசல் மட்டும் கூடவே ஓடினான். அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா... அந்தப் பெட்டி... அதை நான்தான்..."

புனிதவதி கண்ணைத் திறந்தாள்.

"பிள்ளைக்குச் சூடு காணுதோ?"

அம்புலன்ஸ்காரர் கதவைச் சாத்த வந்தார்கள். அவள் மூச்சு வாங்கி, விட்டு விட்டுச் சொன்னாள்.

"அண்டைக்குக் காய்ச்சலெண்டு நான் வேலைக்குப் போகேல்லைத் தம்பி. நீர் கழட்டேக்கை கட்டிலிலைதான் கிடந்தனான். இருமினால் விட்டிட்டு ஓடிடுவீரெண்டு, போர்வையை வாய்க்குள்ளை அடைச்சுக்கொண்டு கிடந்தனான்."