மெதுவாத்தான் இறங்குது

பெண்டாட்டியைப் பார்சல் தராசில் ஏற்றி நிறுத்துகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன அங்கிள் இது? ஆண்ட்டி என்ன மூட்டையா?" என்றேன்.

மல்காஜ்கிரி ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ். சாயங்கால வண்டி போய்விட்ட நேரம். திராட்சைக் கூடைகளுக்கு நடுவே, இரும்புத் தராசின் மேல் சுவரைப் பார்த்து நின்றிருந்தார் ஞானசௌந்தரி ஆண்ட்டி. பின்னால் நின்று கம்பியில் எடைக்குண்டை நகர்த்திக்கொண்டிருந்தார் அவர் கணவர், பார்சல் கிளார்க் தனசிங் அங்கிள். எங்களுக்குப் பக்கத்து வீடு.

"வந்துட்டாளா வக்கீலம்மா," என்றார் அங்கிள். யூனிவர்சிட்டியில் நான் படித்தது என்னவோ சரித்திரம். எதற்கெடுத்தாலும் வாதாடுவேன் என்று ரயில்வே காலனியில் வைத்த பெயர் இது.

"டிஸ்பென்சரி மெஷின்ல ஏறுனா அந்த நர்சு தெருவுக்கே கேக்க எடையைச் சொல்லுதா," என்றார் ஆண்ட்டி. "இங்கன்னா கேலி இல்ல. இந்தத் தராசுக்கு நான் சின்னப் பார்சல்தான்."

இன்றைக்கும் எங்காவது திராட்சை வாசனை வந்தால் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வருகின்றன.

ஆண்ட்டிக்கு வயிற்றில் ஹெர்னியா. குடம் தூக்கினால் வலி, இருமினால் வலி. உடம்பு இந்தக் கனத்தில் இருந்தால் தையல் நிற்காது, இளைத்து வந்தால்தான் ஆபரேஷன் என்று சர்ஜன் ஒரு எடையைச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கோதுமைக் கஞ்சிதான். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுட்டு எங்கள் வீட்டுக்குத் தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். அவர் ஒன்றுகூடத் தொடவில்லை.

"எவ்வளவு காட்டுது?" என்றார் ஆண்ட்டி, சுவரைப் பார்த்தபடியே.

அங்கிள் தொண்டையைச் செருமினார். "போன வாரத்துக்கு அரைக்கிலோ குறைவு. இன்னும் நாலு கிலோ போகணும்."

"மெதுவாத்தான் இறங்குது," என்றார் ஆண்ட்டி. வாராவாரம் இதே பேச்சு.

குழாயடியில் எதிர்வீட்டு ராஜம் அக்கா விடவில்லை. "தட்டுல எதை வச்சாலும் நக்கோ நக்கோ, வேணாம் வேணாம்னு தள்ளுறாங்க. அப்புறம் ஏன் எடை வேகமா இறங்கல? ராத்திரி உஸ்மானியா பிஸ்கட்டை எலியா திங்குது?"

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

ஆண்ட்டி என் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் அவர் வளையல் முழங்கை வரை ஓடியது. ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் பிடித்து ஊக்கு குத்தியிருந்தார்.

இவ்வளவு இளைத்தவருக்கு எடை மட்டும் எப்படி அரையரைக் கிலோவாக இறங்கும்?

அடுத்த சனிக்கிழமை யூனிவர்சிட்டியிலிருந்து நேரே பார்சல் ஆபீஸுக்குப் போனேன். தராசில் தப்பு என்று நிரூபித்து ராஜம் அக்காவின் வாயை அடைப்பதாகத் திட்டம்.

தராசில் ஒரு தப்பும் இல்லை. இரும்புத் தட்டின் ஓரத்தில், கூடை மறைவில், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவின் நுனி ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது.

அங்கிளின் ஷூ.

ஆண்ட்டி முகம் கழுவ வெளியே போனதும் அங்கிளைப் பிடித்துக்கொண்டேன். "இது மோசடி அங்கிள். அவங்க பட்டினி கிடக்கிறாங்க. காலனியே திருட்டுத் தீனின்னு பேசுது. நீங்க என்னடான்னா காலை வச்சு எடையை ஏத்துறீங்க."

அங்கிள் மறுக்கவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த திராட்சைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"டாக்டர் சொன்ன எடைக்கு அவ வந்து ஒரு மாசம் ஆச்சு," என்றார். "எங்க அக்காவும் சின்ன ஆபரேஷன்னுதான் போனா. சிரிச்சிக்கிட்டே உள்ள போனா. அவ செருப்பை மடியில வச்சிக்கிட்டு நான் வெளிய பெஞ்சில உக்காந்திருந்தேன்."

"பயமா இருந்தா வாயைத் திறந்து சொல்லணும் அங்கிள்."

அவர் பொறுக்கிய திராட்சைகளை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஆண்ட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்," என்றார் அவர்.

"தெரியுமா?"

"அவுக கால் வச்சா தட்டு லேசா அந்தப் பக்கம் சாயும்லா? மேல நிக்கவளுக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வலி உங்களுக்கு. ஊர்ப் பேச்சும் உங்களுக்கு. பயம் மட்டும் அவருக்கா? இது எந்த ஊர் நியாயம்? காலை எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

ஆண்ட்டி நின்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"சொன்னா காலை எடுத்துருவாக. பயத்தை எடுப்பாகளா? மொதல்ல முழுப் பாதத்தையும் வச்சி அழுத்துனாக. அப்புறம் பாதிக் கால். இன்னிக்கு நீ எவ்வளவு பார்த்தே?"

"நுனி மட்டுந்தான்."

"அதத்தான் வாராவாரம் சொல்லுதேன், வக்கீலம்மா. மெதுவாத்தான் இறங்குது."